வரைபடத்தில் இல்லாத தெருவுக்குள் வரும் வெள்ளம்

கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் நீர்வடிப்பகுதித் திட்டத்துக்காகக் கூட்டம் போட்டார்கள். சுவரில் பெரிய வண்ண வரைபடம் தொங்கியது. பச்சை என்றால் பயிர், நீலம் என்றால் ஏரி, சிவப்பு என்றால் குடியிருப்பு, வெளிர்மஞ்சள் என்றால் தரிசு. நம் தெருவிலிருந்து போயிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "எங்க தெரு இதுல எங்கய்யா இருக்குது?" என்று கேட்டார். அதிகாரி விரலை வைத்துத் தேடினார். சிவப்பு ஊரோடு நின்றுவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் 60 வீடுகளும் மஞ்சளுக்குள் மறைந்து கிடந்தன. "இது சாட்டிலைட் எடுத்த படம் பெரியவரே, நாங்க மாத்த முடியாது" என்றார் அதிகாரி. கூட்டம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது.

மாற்ற முடியாது என்பது உண்மையல்ல. செயற்கைக்கோள் எடுப்பது படம் மட்டுமே. அதைப் பார்த்து இது பயிர், இது தரிசு என்று பெயர் வைப்பது மனிதர்களும், மனிதர்கள் எழுதிய கணினி நிரலும்தான். மனிதர் வைத்த பெயரை மனிதர் திருத்தலாம். அதற்கு முதலில் அந்தத் தரவு நம் கைக்கு வரவேண்டும்.

அது ரகசியமும் அல்ல. பெரும்பகுதி இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. பொறியியல் மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் தினமும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். நம் பிள்ளைகளும் எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரம் நாம் சொல்ல வருவது. தடுப்பணை எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம், வெள்ளம் யார் வாசலில் என்பதை இனிமேல் முடிவுசெய்யப் போவது இந்த வரைபடங்களே.

ஒரு நிறத்துக்கு எத்தனை தண்ணீர்?

பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு ஓடையில் ஓடும் என்று கணக்கிடுவதை நீர்வடிப்பகுதி மாதிரி என்கிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்களும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து வளர்த்த 'ஸ்வாட்' என்னும் மென்பொருள் உலகம் முழுவதும் இதற்குப் பயன்படுகிறது. அதற்கு நான்கு தரவுகள் வேண்டும்: மழையளவு, மேடுபள்ளம், மண் வகை, நிலப் பயன்பாடு. முதல் மூன்றும் இயற்கை தந்தவை. நான்காவது மனிதன் செய்தது. நம் கதை அந்த நான்காவதில் இருக்கிறது.

வரைபடத்தில் ஒவ்வொரு வகை நிலத்துக்கும் ஒரு எண் உண்டு. வளைவு எண் என்பார்கள். எண் கூடக்கூட மண் குடிக்கும் நீர் குறையும், ஓடும் நீர் கூடும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வதாக வைத்துக்கொள்வோம். எண் 60 உள்ள மரங்களடர்ந்த நிலத்திலிருந்து ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் ஓடிவரும். எண் 80 என்றால் 50 மில்லிமீட்டர். சிமென்ட்டும் கான்கிரீட்டும் நிறைந்து எண் 90 ஆனால் 73 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேரில், அதாவது இரண்டரை ஏக்கரில், ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். ஆகவே மேட்டில் இரண்டரை ஏக்கர் தோப்பு மனைப்பிரிவாக மாறினால், அந்த ஒரு நாள் மழையில் மட்டும் கூடுதலாக 5.4 லட்சம் லிட்டர் கீழே இறங்குகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 45 நிற்பதாக நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்துக்குப் போகும். பள்ளத்தில் இருப்பது யார்? மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. ஏரிக்குப் பின்னால், ஓடைக்கு ஓரத்தில் நமக்கு இடம். இது நாம் தேர்ந்தெடுத்த இடமல்ல, ஒதுக்கிவைத்த இடம். 2015 நவம்பரில் பண்ருட்டி வட்டத்துப் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் வெள்ளம் புகுந்து உயிர்களை அடித்துக்கொண்டு போனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை கரைகளை மீறி விழுப்புரத்தையும் கடலூரையும் மூழ்கடித்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு நாம் கேட்பது அரிசியும் நிவாரணத் தொகையும். வெள்ளத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மேட்டில் நிலம் மாறியபோது, கீழே எவ்வளவு நீர் வரும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? போட்டிருந்தால் எந்த ஆண்டின் வரைபடத்தை வைத்துப் போட்டார்கள்?

ஆண்டு முக்கியம். இந்தியத் தொலையுணர்வு மையம் நாடு முழுவதற்கும் 2005-06, 2011-12, 2015-16 என்று மூன்று சுற்றுகளில் 1:50,000 அளவில் நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாரித்தது. 2005-06 வரைபடத்தை வைத்து இன்றைக்கு ஒருவர் கணக்குப் போட்டால், அதற்குப் பிறகு வந்த மனைப்பிரிவு, கல்லூரி, நான்குவழிச் சாலை எதுவும் அதில் இருக்காது. காகிதத்தில் வெள்ளம் குறைவாக வரும். நம் வீட்டில் அதிகமாக வரும்.

வானத்துக்குத் தெரியாதவை

மேலிருந்து பார்த்தால் தெரிவது நிலத்தின் போர்வை: மரம், புல், தண்ணீர், கூரை. அந்த நிலத்தை மனிதர்கள் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது பயன்பாடு. யாருடையது என்பது உரிமை. இவை மூன்றும் வேறு வேறு. செயற்கைக்கோளுக்கு முதலாவது தெரியும். இரண்டாவது அரைகுறையாகத் தெரியும். மூன்றாவது தெரியவே தெரியாது.

முதலாவதும் முழுமையாகத் தெரிவதில்லை. படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்கு ஒரே பெயர்தான். ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'வேர்ல்ட்கவர்' வரைபடத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். லேண்ட்சாட் படத்தில் 30 மீட்டர், ஏறக்குறைய 22 சென்ட். ஒரு வீட்டுக்கு 3 சென்ட் மனை என்று கணக்கு வைத்தால், லேண்ட்சாட்டின் ஒரே கட்டத்துக்குள் நம் ஏழு வீடுகள் அடங்கிவிடும். நடுவே நாலு புளியமரமும் காலி இடமும் இருந்தால் கட்டத்தின் பெயர் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. 1:50,000 வரைபடத்தில் 3 மில்லிமீட்டர் என்பது தரையில் 150 மீட்டர். அந்தச் சதுரத்தின் பரப்பு ஐந்தரை ஏக்கர். அதைவிடச் சிறிய இடத்தைத் தனியாக வரையாமல் பக்கத்து நிலத்தோடு சேர்த்துவிடுவது வரைபடத் தொழிலின் வழக்கம். பெரியவரின் 60 வீடுகள் மஞ்சளுக்குள் போனது இப்படித்தான். மனை மனையாகக் கூட்டினால் அவை 2 ஏக்கர்கூட வராது. நமக்கு அளந்து கொடுத்த இடமே அவ்வளவுதான். இடம் குறைவாகக் கொடுத்தது ஒரு அநீதி. குறைவாக இருப்பதால் வரைபடத்தில் இல்லாமல் போவது அதன் மேல் இன்னொரு அநீதி.

'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். அந்தத் தெருவைத் திட்ட வரைபடத்தில் ஏற்றுவதும் அதே அளவு அவசியம்.

'தரிசு' என்று யார் சொன்னது?

இனி உரிமைக்கு வருவோம். செங்கல்பட்டில் ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892ல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். முதல் 10 ஆண்டுகள் விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டவருக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பது ஊர் ஊராக நமக்குத் தெரியும். 1994ல் காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

கைமாறாமல் மிஞ்சிய நிலத்தின் கதி என்ன? பெரும்பாலும் மேட்டு நிலம். மதகு நீர் எட்டாது, கிணறு வெட்டப் பணம் கிடைக்காது, போய்வரப் பாதை விடமாட்டார்கள். உழமுடியாமல் போட்டுவைத்தோம். முள் முளைத்தது. மேலே சுற்றிய கருவி அந்த முள்ளைப் பார்த்துப் 'புதர் நிலம்' என்று எழுதியது. மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்டுவரும் தரிசுநில அட்டவணைத் தொகுப்பில் தரிசை 23 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். புதர் உள்ள நிலம் உண்டு, புதர் இல்லாத நிலம் உண்டு. தண்ணீர் மறுக்கப்பட்ட நிலம் என்று ஒரு வகை கிடையாது.

இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கொடுக்காததால் தரிசானது. தரிசானதால் வரைபடத்தில் பயனற்ற நிலம். பயனற்ற நிலம் என்பதால் கசிவுநீர்க் குட்டைக்கோ, சூரிய மின் பூங்காவுக்கோ, மரம் நடுவதற்கோ 'பொருத்தமான இடம்' என்று கணினி காட்டுகிறது. தடுப்பணையின் பயன் பயிர் நிலத்துக்கு என்று கணக்கில் வருகிறது. பயிர் நிலம் யாருடையதோ, பயன் அவருக்குப் போகிறது. நமக்குச் செய்த அநீதியின் விளைவை இயற்கை என்று எடுத்துக்கொண்டு அடுத்த திட்டம் தொடங்குகிறது.

"செயற்கைக்கோளுக்கு சாதி தெரியாது, எல்லாவற்றிலும் சாதி பார்க்காதீர்கள்" என்று சிலர் சொல்வார்கள். தெரியாது என்பதுதான் பிரச்சினையே. சாதி பார்த்துப் பிரிக்கப்பட்ட நிலத்தைச் சாதி தெரியாத கருவி படம் எடுத்தால், படத்தில் வருவது சாதி பிரித்த நிலம்தான். அதைச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும்.

மாணவர்கள் செய்யக்கூடியது

ஒரு மடிக்கணினி, ஓரளவு இணையம், இரண்டு வாரப் பொறுமை. இவ்வளவு போதும்.

'க்யூஜிஐஎஸ்' என்ற மென்பொருள் இலவசம். அதை நிறுவுங்கள். மேடுபள்ளத்துக்கு அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் 'எர்த் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில் கணக்குத் தொடங்கி எஸ்ஆர்டிஎம் கோப்பை எடுங்கள். 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த உயரம், 30 மீட்டர் கட்டம். நம் இஸ்ரோவின் 'புவன்' தளத்திலும் கார்ட்டோசாட் உயரத் தரவு கிடைக்கிறது. நிலப் போர்வைக்கு வேர்ல்ட்கவர் 2021 பதிப்பை எடுங்கள். உலகத்தை 3 பாகைக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கடலூரும் விழுப்புரம் நகரமும் வடக்கு 9 முதல் 12, கிழக்கு 78 முதல் 81 வரையிலான ஒரே கட்டத்தில் அடங்கும். அதில் 40 என்ற எண் பயிர், 50 கட்டடம், 60 வெற்று நிலம், 80 நீர். பழைய நிலையைப் பார்க்க லேண்ட்சாட் படங்கள் உண்டு. 2008லிருந்து அவை எல்லோருக்கும் இலவசம். 30 மீட்டர் படங்கள் 1980களிலிருந்தே இருப்பதால், உங்கள் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் ஏரி எவ்வளவு இருந்தது என்று பார்த்துவிடலாம்.

புவன் தளத்தில் அரசின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தையும் மாவட்டவாரிப் பரப்பளவையும் காணலாம். திட்ட அலுவலகங்கள் பேசுவது அந்த மொழி என்பதால் அதை அவசியம் பாருங்கள். கடைசியாக, தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டையும் புலப்பட வரைபடத்தையும் சர்வே எண் வாரியாக எடுங்கள். தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து எது டி.சி. நிலம், எது நத்தம், எது ஓடைப் புறம்போக்கு என்று கேட்டு எழுதுங்கள். இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் வானம் பார்த்ததும், பதிவேடு எழுதியதும், பாட்டி சொன்னதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று ஒரே திரையில் தெரியும். முரண்படும் இடத்தில்தான் நம் வழக்கு இருக்கிறது.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பரப்பளவு கணக்கிடும் முன் வரைபடத்தை மீட்டர் அளவுக்கு மாற்றவேண்டும். நம் பகுதிக்கு யுடிஎம் 44 வடக்கு மண்டலம். மாற்றாமல் கணக்கிட்டால் ஏக்கர் தப்பாக வரும், ஒரு தப்பைக் காட்டி மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். வேர்ல்ட்கவரின் 'மரப்பரப்பு' வகையில் தோட்ட மரங்களும் சேரும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பையும் காட்டையும் அது பிரித்துச் சொல்லாது. கோடையில் வற்றிய ஏரி வெற்று நிலமாகவும், கருவேலம் மண்டிய ஏரி மரமாகவும் தெரியலாம். உலக அளவில் அதன் துல்லியம் சுமார் 77 விழுக்காடு என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். நான்கில் ஒன்று தவறாக இருக்கலாம். ஆகவே கைப்பேசியோடு நேரில் போங்கள். ஓடைக்கரை, கலிங்கு, கடைசி வீடு, வெள்ளக்கோடு ஏறிய சுவர் என்று 30 இடங்களிலாவது அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துப் படம் எடுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபவருக்குக் கிடைக்காத தரவு இது. நமக்கு நடந்து போனால் கிடைக்கும்.

"நிலமே கையில் இல்லை, வரைபடம் எதற்கு? போராட்டம்தானே வழி" என்று மூத்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வரைபடம் போராட்டத்துக்கு மாற்று அல்ல. போராட்டத்துக்குப் போகிறவர் கையில் இருக்கவேண்டிய காகிதம் அது. "எங்க தெரு எங்கய்யா?" என்று கேட்ட பெரியவர் தனியாக நின்றார். அவர் பேத்தி பக்கத்தில் எழுந்து, இந்தக் கட்டம் தவறு, இதோ சர்வே எண், இதோ இடக்குறி, இதோ 2015ல் தண்ணீர் ஏறிய அளவு என்று நீட்டியிருந்தால் கூட்டம் அடுத்த பொருளுக்கு அவ்வளவு எளிதாகப் போயிருக்காது.

அரசு செய்ய வேண்டியது

மாணவர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு அரசு ஒதுங்க முடியாது. பஞ்சமி நிலங்களின் சர்வே எண்களைத் தனி அடுக்காக மாநிலத்தின் புவியியல் தகவல் தளத்தில் வெளியிட வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்புகள் ஒவ்வொன்றையும், எவ்வளவு சிறியதானாலும், நீர்வடிப்பகுதி வரைபடத்தில் காட்டாமல் திட்ட அறிக்கைக்கு ஒப்புதல் தரக்கூடாது. நிலப் பயன்பாட்டு வரைபடங்களைத் திரையில் காட்டுவதோடு நிறுத்தாமல், கோப்பாக எளிதில் எடுக்கும்படி, தமிழ் விளக்கத்தோடு தரவேண்டும். மக்கள் பணத்தில் எடுத்த தரவு மக்களுக்கானது. 2012ல் மத்திய அரசு கொண்டுவந்த தரவுப் பகிர்வுக் கொள்கையின் உயிரே அதுதான். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இந்த மென்பொருளைக் கற்றுத்தரும் வகுப்பை மாதம் ஒன்றாவது நடத்த வேண்டும். திட்ட வரைபடத்தை ஊராட்சி அலுவலகத்தில் மட்டுமல்ல, நம் தெருவிலும் மாட்ட வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20ல் மகாத் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் இன்றைய மத்திய நீர் ஆணையத்துக்கும் அடித்தளம் போட்டார். ஒரு ஆற்றை அதன் வடிநிலம் முழுவதோடும் சேர்த்துப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்று வாதாடியவர்களில் அவர் முன்னவர். குளத்தில் கை வைக்கும் உரிமையும் ஆற்றைத் திட்டமிடும் அறிவும் அவருக்கு ஒரே போராட்டத்தின் இரண்டு பக்கங்கள். முதலாவதை நாம் படமாக மாட்டி வைத்திருக்கிறோம். இரண்டாவதை எடுத்துப் படிக்கவில்லை.

மகாத் நாளுக்கு இரண்டு நாள் கழித்து, மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடும். அதற்குள் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்து தம் ஊரின் நிலத் தரவை எடுத்து, தம் தெருவை அதில் வரைந்து, ஒரு பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டுபோகட்டும். தீர்மானப் புத்தகத்தில் அந்தத் தாளை இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். இணைத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். மழை வருவதற்கு முன் நம் தெரு வரைபடத்தில் ஏறட்டும்.